காய்வதும் ஆறுவதும்

என் இடது முன்கையில் ஒரு கோலம் இருக்கிறது. மூன்றுக்கு மூன்று புள்ளி, அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் கோடு. அப்பத்தாவின் கையில் இருப்பதன் நகல். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவள் கையைப் படமெடுத்து, கணினியில் கோடுகளைச் சரிசெய்து, பெங்களூரில் ஒரு டாட்டூ ஸ்டூடியோவில் கொடுத்துக் குத்திக்கொண்டேன். அவளுடையது எழுபது வருடத்துக்கு மேல் பழையது. மங்கி, ஓரங்கள் லேசாகக் கசிந்து, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஏதோ ஒரு நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் கோடு எங்கேயும் அறவில்லை. என்னுடையது மூன்றே வாரத்தில் இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். ஸ்டூடியோவில் ஒரு தாள் கொடுத்தார்கள். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மெல்லிசாகத் தடவ வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மெல்லிசாக என்ற சொல்லை நான் மதிக்கவில்லை. கொஞ்சம் நல்லது என்றால் நிறைய இன்னும் நல்லதுதானே என்று வாஸ்லினை அப்பி, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு இரண்டு ராத்திரி தூங்கினேன். மூன்றாம் நாள் தோல் ஊறி வெளுத்து, கோலத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள். பயந்து அம்மாவுக்கு போன் போட்டேன். "அதையெல்லாம் எடுத்து வீசிட்டு காத்தாட விடு, காயட்டும்" என்றாள். விட்டேன். அலுவலகத்து ஏசியில் நாள் முழுக்கக் காய்ந்தது. ஐந்தாம் நாள் கெட்டியான பொருக்கு கட்டி, கையை மடக்கினால் வெடித்தது. ஏழாம் நாள் காலையில் முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது சுரீர் என்றது. சட்டைக் கையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், என் கோலத்தின் ஒரு துண்டு அங்கே ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

"எண்ணெய் போடலையாடா?"

"எண்ணெயா?"

"மஞ்சளும் எண்ணெயும் போட்டிருக்கணும்ல. குறத்தி சொல்லிட்டுத்தானே போவா."

அந்தக் குறத்தி எப்படிச் சரியாகச் சொல்லிவிட்டுப் போனாள், படித்த என் அம்மா ஏன் தப்பாகச் சொன்னாள் என்று கிளம்பியதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் திரும்புவேன்.

*

தமிழில் புண்ணுக்கு இரண்டு வினைகள் உண்டு. புண் காய்கிறது என்கிறோம், புண் ஆறுகிறது என்றும் சொல்கிறோம். பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். யோசித்தால் இரண்டும் வேறு. காய்வது வடகமும் கருவாடும் செய்கிற வேலை, ஈரம் போவது. ஆறுவது சூடு தணிவது, பாலும் கோபமும் செய்கிற வேலை. தீப்புண் உள்ளே ஆறிவிடும் என்று வள்ளுவர் சொல்லும்போது அவரும் இரண்டாவது வினையைத்தான் எடுக்கிறார். போதாக்குறைக்கு, அடிபட்ட இடத்துக்குக் காயம் என்றே பெயர் வைத்துவிட்டோம். காயம் என்றால் காய வேண்டியதுதானே என்று காதுக்குத் தோன்றிவிடுகிறது.

டாட்டூ எந்த மாதிரிக் காயம் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஊசி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் போகிறது. மேல்தோலைத் தாண்டி, ரத்தக் குழாய்களும் நரம்புகளும் இருக்கிற உள்தோலில் மையை விடுகிறது. மேல்தோலில் தங்கிய மை அங்கே நிலைக்காது. அந்தச் செல்கள் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். அதனால்தான் புது டாட்டூ இரண்டாம் வாரத்தில் பாம்புச் சட்டை மாதிரி நிறத்தோடு உரிகிறது. பயப்பட வேண்டியதில்லை. நிலைக்கப்போவது உள்தோலில் இறங்கியது மட்டும்தான்.

ஒரு குத்து என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆயிரக்கணக்கான குத்துகள் ஒட்டி ஒட்டி விழும்போது அது சைக்கிளிலிருந்து விழுந்து கை தேய்ந்த சிராய்ப்புக்குச் சமம். தோலின் முதல் வேலை உள்ளே இருக்கிற நீரை வெளியே விடாமல் வைத்திருப்பது. அந்தச் சுவரில் ஆயிரம் ஓட்டை போட்டாயிற்று. முதல் ஓரிரு நாள் நிணநீரும் கொஞ்சம் ரத்தமும் மிச்ச மையும் கசிகின்றன. இதை அப்படியே காற்றில் விட்டால் காய்ந்து பொருக்காகிறது. பொருக்கு மேலே மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. கீழே இருக்கிற தோலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பெயர்த்தால் பிடித்ததோடுதான் வரும். என் சட்டைக் கையில் இருந்தது அதுதான்.

*

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கையில் அளவுகோலோடு அலைந்தவர். மூக்கின் நீளம், மண்டையின் அகலம் என்று தென்னிந்தியச் சாதிகளையெல்லாம் அளந்து குறித்தார். அந்த அளவைகளின் பின்னால் இருந்த இனவாதத்தை இன்று யாரும் மதிப்பதில்லை, மதிக்கவும் வேண்டாம். ஆனால் மனிதர் பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தார். 1906ல் அவர் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் பச்சை குத்துவதைப் பற்றி விரிவாக வருகிறது.

தமிழ்ப் பெண்களுக்குப் பச்சை குத்தியவர்கள் குறவர் பெண்கள். மை செய்கிற விதத்தை தர்ஸ்டன் சமையல் குறிப்பு போலவே எழுதியிருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டுவார்கள். விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் அந்தத் திரியை ஏற்றி, மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உட்புறம் படிகிற கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. வீட்டில் கண்மை செய்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கறுப்பாகத்தான் உள்ளே போகும். மேலே தோல் மூடிய பிறகு பச்சையாகவும் நீலமாகவும் தெரிவது தோல் ஒளியைச் சிதறடிப்பதால். எனவே அந்தப் பெயரில் இருக்கிற பச்சை மையில் இல்லை, பார்க்கிறவர் கண்ணில்தான்.

குத்தி முடிந்ததும் என்ன செய்தார்கள் என்பதையும் தர்ஸ்டன் விடவில்லை. குளிர்ந்த நீரில் கழுவுவார்கள். வலி தணிய எண்ணெய் தடவுவார்கள். நிறம் எடுக்கவும் வீங்காமல் இருக்கவும் கொஞ்சம் மஞ்சள் தூள் தேய்ப்பார்கள். அவ்வளவுதான். இரண்டு மூன்று வாக்கியம். அந்த இரண்டு மூன்று வாக்கியத்தில் என் ஸ்டூடியோ தாளின் சாரம் முழுக்க இருக்கிறது: கழுவு, மெல்லிசாக எண்ணெய்ப் பசை போடு, வீக்கத்தைக் கவனி.

இதே ஜோடி, எண்ணெயும் மஞ்சளும், பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் இருக்கிறது. டாட்டூ என்கிற சொல்லே அந்தத் தீவுகளிலிருந்து வந்ததுதான். 1769ல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் தஹிதிக்குப் போனபோது அங்கே கேட்ட 'தத்தவ்'. சமோவாவில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை வாரக்கணக்கில் குத்துவார்கள். அந்த நாட்களில் தினமும் கழுவி, நீர் கட்டாமல் நீவிவிடுவார்கள். எல்லாம் முடிகிற நாளில் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பூசிச் சடங்கு. அவர்களுடைய முன்னோர் தீவு தீவாகப் படகில் போனபோது மஞ்சள் கிழங்கையும் எடுத்துப் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனது என்றெல்லாம் நான் சொல்லவில்லை, யாராவது வாட்ஸப்பில் அப்படிச் சுற்ற விட்டால் நான் பொறுப்பில்லை. பக்கத்தில் எண்ணெயும் மஞ்சளும் இருக்கிற யாரும், தினம் தினம் புதுப் புண்ணைப் பார்க்கிற யாரும், கொஞ்ச நாளில் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள் என்று தோன்றுகிறது.

குறத்திக்கு வருவோம். குற்றாலக் குறவஞ்சியில் குறி சொல்லி, மலைவளம் பாடி, கதாநாயகியாகவே நிற்கிறவள் அவள். அதே சமூகத்தின் மேல் வேறொரு எழுத்தும் விழுந்தது. 1871ல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களில் பல பிரிவினர் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏறினார்கள். காவல் நிலையத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊரை விட்டு நகர அனுமதி வேண்டும். ஊர் ஊராகப் போனால்தான் பச்சை குத்துகிறவளுக்குச் சோறு. மக்கள் வாயில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். ஊரார் கையில் ரேகை பார்த்துச் சொன்னவர்களின் ரேகையை அரசாங்கம் மையில் ஒற்றி எடுத்து வைத்துக்கொண்டது.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947ல். அப்பத்தாவுக்குப் பச்சை குத்தியது சுதந்திரம் வந்த அடுத்த வருடம், அவளுக்கு அப்போது பத்து வயது. வந்தவளுடைய பெயர் அப்பத்தாவுக்கு நினைவில்லை. கேட்டதே இல்லை என்றாள். திண்ணையைத் தாண்டி உள்ளே விட்டதில்லை, கூலிக்கு ஒரு படி கம்பும் பழைய சேலையும். "ஊசி குத்துறப்ப அழுதேன், பாட்டுப் பாடினா. போறப்ப, ஏத்தா, சொறிஞ்சிராதே, எண்ணெய் போடு, காயவிட்டா பச்சை போயிரும்னா." எழுபது வருடம் கழித்து அவளுக்கு அந்த வாக்கியம் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. சொன்னவளுக்குப் பெயர் இல்லை.

*

அம்மா தப்பாகச் சொன்னாள் என்றேன். அவளாக அதைக் கண்டுபிடிக்கவில்லை. காயவிடு என்பது நவீன மருத்துவம் சொல்லிக்கொடுத்தது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது.

பழைய மருத்துவங்கள் எல்லாம் ஏறக்குறைய ஈரக் கட்சிதான். எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுமார் 3,600 வருடப் பழமை. அதில் புண்ணுக்குக் கொழுப்பும் தேனும் பஞ்சும் வைத்துக் கட்டச் சொல்கிறது. சுஸ்ருதர் தேனும் நெய்யும் என்கிறார். ஆனால் அந்தப் பிசுபிசுப்போடு சேர்த்து அழுக்குக் கையும் அழுக்குத் துணியும் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதியில் ஐரோப்பிய மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சையில் பிழைத்தவர்கள் பலர் புண் அழுகிச் செத்தார்கள். கிருமிதான் காரணம் என்று பாஸ்டர் வழியாகப் புரிந்துகொண்ட ஜோசப் லிஸ்டர் 1867ல் கார்பாலிக் அமிலத்தைப் புண்ணில் போட்டுப் பிழைக்கவைத்த கதைகளை வெளியிட்டார். அதன் பிறகு ஈரம் என்றாலே சந்தேகம். கிருமி ஈரத்தில் வளரும், ஆகவே புண் உலர்ந்திருக்க வேண்டும். கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது!

பர்மிங்ஹாமில் சாம்சன் கேம்ஜி என்று ஒரு அறுவை மருத்துவர். நீரை உறிஞ்சும் பஞ்சை இரண்டு வலைத்துணிகளுக்கு நடுவே வைத்து 1880ல் அவர் செய்த கட்டு இன்றும் அவர் பெயரால் விற்கிறது. உலர்ந்த கட்டு, அதையும் அடிக்கடி பிரிக்காதே என்பது அவர் கட்சி. இரண்டாவது பாதி நல்ல யோசனை. பர்மிங்ஹாமில் பஞ்சுக்கே கேம்ஜி என்று பெயர் வந்துவிட்டது. அந்த ஊரில் வளர்ந்த டோல்கீன் ஒரு ஹாபிட்டுக்கு சாம் கேம்ஜி என்று பெயர் வைத்தது அந்தச் சொல் காதில் கிடந்ததால்தான். கட்டுரைக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் என்னைப் போலப் படம் பார்த்து வளர்ந்தவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உலர்ந்த பஞ்சும் துணியும் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது புதுத் தோலையும் சேர்த்துப் பிய்க்கும். சின்ன வயதில் முழங்கால் கட்டைப் பிரித்தவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். அதை வலி என்று எடுத்துக்கொண்டோமே தவிர, சிகிச்சையே புண்ணைத் திரும்பத் திறக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை. நம் ஊரில் அதன் மேல் ஆண்டிபயாடிக் பவுடர் வேறு தூவுவோம். காய்ந்தால் சந்தோஷம். அம்மா வளர்ந்த உலகம் அது.

*

இந்த நேரத்தில் ஈரக் கட்சி எங்கே இருந்தது? எண்ணெய்க் கிணற்றில்.

1859ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் பெட்ரோலியம் கிடைத்தது. நியூயார்க்கிலிருந்து ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளம் வேதியியலாளர் அங்கே போனார். திமிங்கில எண்ணெயிலிருந்து விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வடித்துக்கொண்டிருந்தவர், தரையிலிருந்தே எண்ணெய் வந்தால் தன் பிழைப்பு என்னாவது என்ற கவலை. அங்கே பம்பின் தண்டுகளில் கறுப்பாக ஒரு மெழுகுப் பிசுக்கு படிந்து வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. தொழிலாளர்களுக்கு அது சனியன். ஆனால் கை வெட்டுப்பட்டால், சுட்டுக்கொண்டால், அதே பிசுக்கை எடுத்துத் தடவிக்கொண்டார்கள். செஸ்ப்ரோ அதை எடுத்துப் போய்ப் பல வருடம் வடிகட்டி வெள்ளையாக்கி 1872ல் காப்புரிமை வாங்கினார். வாஸ்லின். ஊர் ஊராகப் போய்த் தன் தோலையே சுட்டுக் காட்டி, பழைய வடுக்களையும் காட்டி விற்றார். தினம் ஒரு கரண்டி சாப்பிடவும் செய்தார் என்பார்கள். 96 வயதுவரை இருந்தார்.

வாஸ்லினில் மருந்து எதுவும் இல்லை. நீர் ஆவியாகாமல் மூடுகிறது, அவ்வளவுதான். விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் செய்வது அதே வேலை, கொஞ்சம் குறைவாக.

டாட்டூக்காரர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி 1891ல் மின்சார டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசன் 1876ல் ஆவணங்களை நகலெடுக்கச் செய்த மின் பேனாவிலிருந்து பிறந்தது அது. ஜெராக்ஸ் மெஷினின் தாத்தாதான் என் கையைக் குத்தியது என்று வைத்துக்கொள்ளலாம். பழைய அச்சுத் தகடுகளில் கரித்தூளை நிரப்பி, தோலில் வாஸ்லினைத் தடவி, அதன் மேல் தகட்டை அழுத்திப் படத்தை எடுப்பார்கள். குத்தி முடித்தபின் அதே டப்பாவிலிருந்து ஒரு விரல் தடவி அனுப்புவார்கள். மருத்துவர்களுக்கு இவர்கள் மேல் மரியாதை கிடையாது. 1961ல் மஞ்சள் காமாலை பரவுகிறது என்று நியூயார்க் நகரம் டாட்டூவையே தடை செய்தது. 1997 வரை தடை இருந்தது. அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. ஒரே ஊசி பல கைகளுக்குப் போவது எங்கேயும் ஆபத்துதான், எங்கள் ஊர்த் திண்ணையிலும்.

தடை வந்த மறு வருடம், 1962ல், நேச்சர் இதழில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் விண்டர். இளம் பன்றிகளின் முதுகில் மேலோட்டமாகச் சதுரச் சதுரமாகத் தோலை எடுத்தார். பன்றித் தோல் நம் தோலுக்கு நெருக்கம். சில புண்களைக் காற்றில் விட்டார், சிலவற்றைச் சாதாரணப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய புண்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது.

காரணம் எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. புதுத் தோல் மேலே முளைப்பதில்லை. புண்ணின் ஓரத்திலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் செல்கள் நகர்ந்து நகர்ந்து வந்து மூடுகின்றன. ஈரமான பரப்பில் அவை வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த பரப்பில் போக முடியாது. பொருக்குக்கும் அதன் கீழே காய்ந்துபோன உள்தோலுக்கும் அடியில், ஈரம் எங்கே இருக்கிறதோ அந்த ஆழத்துக்கு இறங்கிச் சுரங்கம் தோண்டிக்கொண்டு போக வேண்டும். வழியில் இருக்கிற நார்களை நொதியால் அறுத்துக்கொண்டு. பொருக்கு, புண்ணின் மூடி என்று நினைத்தது, உண்மையில் சாலையில் கிடக்கிற பாறை. டாட்டூவில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்தச் சுரங்கம் போகிற ஆழத்தில்தான் மை இருக்கிறது.

அடுத்த வருடமே ஹின்மனும் மைபாக்கும் மனிதத் தோலில் அதே முடிவைக் காட்டினார்கள். 1970களில் ஒட்டும் பாலியூரித்தேன் ஃபிலிம் மருத்துவமனைகளுக்கு வந்தது. கிருமி பயம் மட்டும் மிச்சம் இருந்தது. 1996ல் அமெரிக்காவில் 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் சுத்தமான அறுவைக் காயங்களில் பாதிக்கு ஆண்டிபயாடிக் களிம்பும் பாதிக்கு வெறும் வெள்ளை வாஸ்லினும் போட்டுப் பார்த்தார்கள். தொற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. களிம்பு போட்டவர்களில் சிலருக்கு ஒவ்வாமை வந்ததுதான் மிச்சம். கிருமியைத் தடுப்பது சுத்தம். வறட்சி இல்லை. நூறு வருடம் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தோம்.

*

மஞ்சளுக்கும் ஒரு வழக்கு நடந்தது, பலருக்கு நினைவிருக்கும். புண் ஆற மஞ்சள் தூளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995ல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போராடி 1997ல் அதை ரத்து செய்யவைத்தது. நாம் கொண்டாடினோம். அதன் நுணுக்கம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் மக்கள் வழக்கமாகச் செய்கிறார்கள் என்பது ஆதாரமே கிடையாது. அச்சில் இருக்க வேண்டும். அதனால் பழைய சமஸ்கிருத நூல்களும் 1953ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையும் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். கோடிக்கணக்கான அடுப்படிகளில் தினமும் நடக்கிற காரியத்துக்குக் காகிதம் தேவைப்பட்டது. டைட்டஸ்வில்லில் பிசுக்கைத் தடவிக்கொண்ட பம்புக்காரனுக்கும் நேர்ந்தது இதுதான். குறத்தியின் எண்ணெய்க்கு இருக்கிற காகிதம் தர்ஸ்டனுடையது. மற்றபடி அரசாங்கம் அவளைப் பற்றி வைத்திருந்த காகிதம் கைரேகைப் பதிவேடு.

அதற்காக மஞ்சளைத் தூளாகப் புதுப் புண்ணில் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வெறும் தூள் ஈரத்தை உறிஞ்சும், கடைத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. குறத்தியின் முறையில் முதலில் எண்ணெய், பிறகுதான் மஞ்சள், அதுவும் கொஞ்சம்.

நான் செய்த முதல் தப்பு எதிர்த் திசையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஈரம் நல்லது என்றால் ஊறப்போடுவது இல்லை. வாஸ்லினை அப்பிக் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கைச் சுற்றினால் வியர்வைக்குப் போக வழியில்லை. தோல் குளத்தில் கிடந்த விரல் மாதிரி வெளுத்து ஊறும், மயிர்க்கால்கள் அடைத்துக் கொப்புளம் வரும். மருத்துவ ஃபிலிமில் நீராவி மெல்ல வெளியேறும்படி செய்திருப்பார்கள், சமையலறைத் தாளில் அது கிடையாது. இப்போது யாராவது கேட்டால் சொல்வது: கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டாட்டூவை வாசனையில்லாத சோப்பால் விரலாலேயே கழுவு. துண்டால் தேய்க்காதே, ஒற்று. ஐந்து நிமிடம் விட்டு, பட்டாணி அளவு லோஷனை எடுத்து, தோல் மின்னாத அளவுக்குத் தேய். மின்னினால் அதிகம், ஒற்றி எடு. காலை, மாலை, நடுவில் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் ஒரு முறை. ஏசியில் உட்காருகிறவனுக்கு அந்த நடு முறை அவசியம். நமைச்சல் எடுத்தால் சொறியாமல் உள்ளங்கையால் தட்டு. உரிகிறதை உரிக்காதே. குளம், கடல், வெயில் மூன்று நாலு வாரத்துக்கு வேண்டாம். சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ லோஷனை விட்டுவிட்டு டாக்டரிடம் போ.

*

உள்ளே போன மை ஏன் எழுபது வருடம் நிற்கிறது என்பதற்கு 2018வரை நல்ல விடை இல்லை. கரித்துகளை மேக்ரோஃபேஜ் என்கிற துப்புரவுச் செல்கள் விழுங்கிவிடுகின்றன, ஆனால் செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டிருக்கின்றன என்று தெரியும். அந்தச் செல்களுக்கு அத்தனை ஆயுள் கிடையாதே? பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலி வாலில் பச்சை குத்தி, அந்தச் செல்களை மட்டும் கொன்று பார்த்தார்கள். மை அப்படியே நின்றது. செத்த செல் விட்ட துகளைப் பக்கத்தில் புதிதாக வந்த செல் விழுங்கிக்கொண்டது. கணினியின் ரேம் நினைவகமும் இப்படித்தான். உள்ளே இருக்கிற மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை படித்துத் திரும்ப எழுதாவிட்டால் மறந்துபோகும். நின்ற இடத்தில் நிற்கிற மாதிரித் தெரிவது, ஓயாமல் கை மாற்றிக்கொண்டிருப்பது. அப்பத்தாவின் கோலத்தைப் பிடித்திருக்கிற செல்களில் ஒன்றுகூட 1948ல் இருந்ததில்லை.

பொங்கலுக்கு முன்னால் அறுந்த இரண்டு இடங்களையும் திரும்பக் குத்திக்கொண்டேன். இந்த முறை ஃபிலிம் ஒட்டி அனுப்பினார்கள். அதோடே ஊருக்குப் போனேன். இரண்டாம் நாள் ஃபிலிமுக்கு அடியில் கறுப்பாக நீர் கட்டி நின்றது. அம்மா பார்த்துவிட்டு, "சீழ் வச்சிருச்சுடா, டாக்டர்கிட்ட போவோம்" என்று பதறினாள். சீழ் இல்லை, நிணநீரும் மையும்தான், அதில் நீந்தித்தான் தோல் வரும் என்றேன். அவள் நம்பவில்லை. அப்பத்தா என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு விரலால் ஃபிலிமை அமுக்கிப் பார்த்தாள். நீர் உள்ளேயே நகர்ந்தது.

"பாலித்தீன் பையா?"

"அது மாதிரிதான்."

"பரவாயில்ல, காயாம இருக்கு" என்றாள் அம்மாவிடம்.

நான்காம் நாள் வெந்நீரில் நனைத்து ஃபிலிமை உரித்தேன். கழுவியதும் கோலம் முழுசாக இருந்தது. பையிலிருந்து லோஷனை எடுத்தபோது அப்பத்தா வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"வாசமே இல்லையேடா."

"இருக்கக் கூடாது."

பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துக்கொண்டேன். விரலில் மிச்சம் இருந்ததை அவள் கையை எடுத்துக் கோலத்தின் மேல் தடவினேன்.

"எனக்கெதுக்கு? இது எப்பவோ ஆறிப்போச்சு" என்றாள். கையை எடுத்துக்கொள்ளவில்லை.